வெச்சிடுங்க, நானே கூப்பிடறேன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாளிதழை விரித்து வைத்துச் சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். இன்னும் செய்கிறேன், சிரிக்காதே. மூன்றாம் பக்கத்தில் ஐந்தாவது பிழையை வட்டமிடும்போது கைபேசி அடித்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் சொன்னார். அவருடைய ஆங்கிலம் எனக்கு உடனே பிடித்துப்போனது. ஒவ்வொரு சொல்லையும் சலவை செய்து மடித்து என் கையில் கொடுப்பதுபோலப் பேசினார். என் அட்டை இன்று மதியத்தோடு முடங்கிவிடுமாம். இப்போது கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைப் படித்துச் சொன்னால் போதுமாம்.

எண் வந்துவிட்டது. நான் மூக்குக் கண்ணாடியையும் மாட்டிவிட்டேன். முதல் இலக்கத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோது வெளியே வந்தது வேறு.

"வெச்சிடுங்க. நானே கூப்பிடறேன்."

என் தமிழ் அப்படி இருக்காது. அது உன் தமிழ். உன் இழுவை, 'வெச்சிடுங்க'வில் நீ கொடுக்கும் அந்தச் சின்ன அழுத்தம்கூட அப்படியே இருந்தது. அவர் விடவில்லை, மிகவும் அவசரம் என்றார். "அவசரம்னா ரெண்டு தடவ கேக்கணுங்க" என்றேன். அதுவும் நீ சொன்னதுதான். அவர் துண்டித்துவிட்டார். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து நானே வங்கியை அழைத்தேன். அங்கிருந்த பெண், "நாங்க யாரும் கூப்பிடலையே மேடம்" என்றாள்.

பிறகு செய்தித்தாளைத் திருத்த மனமில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து, அடியில் பட்டுப்புடவைக்குக் கீழே வைத்திருக்கும் அந்தப் பழுப்புத் தாளை எடுத்தேன். என் முப்பத்து மூன்று வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை ஓலை. கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் இவ்வளவு பத்திரமாக வைக்கவில்லை.

எழுபதுகளின் முதல் பாதி அது. நான் புதுச்சேரி கான்வென்ட்டில் படித்து, கல்யாணமாகி மரக்காணம் வந்து, தபால் நிலையத்தின் பக்கவாட்டு அறையில் இருந்த தொலைபேசி இணைப்பகத்தில் நிரந்தர ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தேன். ஐம்பது துளைகள் கொண்ட மரப் பலகை. ஊரில் யாராவது தங்கள் போனின் கைப்பிடியைச் சுற்றினால் பலகையில் ஒரு சின்னத் தகடு இமைபோல் விழும். கயிற்றுச் செருகியைச் சொருகி, என்ன எண் வேண்டும் என்று கேட்டு இணைக்க வேண்டும். உப்புக் காற்றில் செருகிகளின் பித்தளை வாரத்துக்கு ஒருமுறை பச்சை பூக்கும். அதைத் துடைக்கும் வேலை தற்காலிக ஆளுடையது. அந்தத் தற்காலிக ஆள் நீ.

எக்கியார்குப்பத்திலிருந்து உப்பளத்து வரப்பு வழியாக நடந்தே வருவாய். முழங்கால்வரை வெள்ளை பூத்திருக்கும். அலுவலகக் குழாயடியில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாய். முதல் நாளே உன் ஆங்கில உச்சரிப்பை நான் திருத்தினேன். நீ பணிவாகக் கேட்டுவிட்டு, "எனக்கு இங்கிலீஷ் வராதுங்க சிஸ்டரம்மா. நம்பர் வரும்" என்றாய். அன்றிலிருந்து அலுவலகம் முழுக்க எனக்கு சிஸ்டரம்மா என்பதே பெயராயிற்று. கான்வென்ட்டில் எனக்குப் பாடம் சொன்ன கன்னிகாஸ்திரீகள் கேட்டிருந்தால் வருந்தியிருப்பார்கள். உனக்கு நம்பர் வந்தது என்பது மட்டும் உண்மை. முப்பத்தோரு இணைப்புகளும் அவர்களுடைய வழக்கமான மெட்ராஸ் எண்களும் உன் தலைக்குள் இருந்தன. ஆனால் ஒரு நாளும் வெளியே வந்ததில்லை.

நம் இருவரையும் மெட்ராஸுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? கடற்கரையோரச் சிற்றூர்களில் எல்லாம் புதிதாக இணைப்பகம் திறக்கப்போகிறார்கள், ஆள் தேவை என்றார்கள். அங்கே வகுப்பெடுத்தவர் கரும்பலகையில் தேசப் படம் ஒன்றை வரைந்து, அதன்மேல் கோடுகளாக இழுத்துத் தள்ளினார். "கம்பி இழுப்பது சுலபம். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் வாயை மூடத் தெரிந்த ஒரு மனிதர் உட்கார வேண்டும். நாட்டுக்கு இல்லாதது அந்த மனிதர்தான்" என்றார். அந்த மனிதர்களை ஊர் ஊராகத் தயார் செய்வது அங்கே பயிற்சி பெற்றவர்கள் பொறுப்பு. திரும்பும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய். "வாய மூடறதுக்கு க்ளாஸ் எடுக்கணுமாம். எங்க குப்பத்துல எடுத்தா ஒருத்தரும் பாஸாவ மாட்டாங்க."

மரக்காணத்தில் ஆறு வாரப் பயிற்சி வைத்தோம். ஒன்பது பேர் வந்தார்கள். தபால் நிலையத்தின் பின்கட்டில், பார்சல் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு வகுப்பு. பழகுவதற்குப் பலகை இல்லை என்று நான் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். நீ மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஐம்பது துளை போட்டு, வலைக் கயிற்றைக் கட்டி, மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வருமுன் பலகையைக் கொண்டுவந்துவிட்டாய். ஆறு வாரமும் அந்த அறையில் கருவாட்டு வாசனை. நான் ஊதுவத்தி ஏற்றினேன். இரண்டும் கலந்து இன்னும் மோசமாயிற்று.

நான் சட்டப் பிரிவுகளைச் சொல்லிக்கொடுத்தேன். உறுதிமொழிப் படிவத்தை வரிக்கு வரி விளக்கினேன். நீ ஊரைச் சொல்லிக்கொடுத்தாய்.

தந்தி கொண்டுபோகும் முருகேசன் கதையை உன் சொற்களிலேயே இன்னும் கேட்கிறேன். நம் ஊரில் சாவுத் தந்தி என்றால் அவர் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பார். அது அவர் காட்டும் மரியாதை. நல்ல செய்தி என்றால் மணியடித்துக்கொண்டே ஓட்டிப்போவார். ஆக, தந்தி வாங்க வேண்டியவர் கதவைத் திறக்குமுன்பே தெரு முழுக்கச் செய்தி தெரிந்துவிடும். "ஒட்டின கவர பிரிக்கவே இல்ல, ஆனா பாதி தெரு அழுவுது. இது யாரு சொன்ன ரகசியம்? சைக்கிள் சொன்னது" என்று நீ வகுப்பில் கேட்டாய். இதற்கு மெட்ராஸ் பாடப் புத்தகத்தில் பிரிவு இல்லை.

மறுநாளே முருகேசனை அழைத்து, இனி எல்லாத் தந்திக்கும் இறங்கி நட என்றாய். அவரும் நடந்தார். உப்பு அலுவலகத்துக் கணக்கரின் மகளுக்குப் பிள்ளை பிறந்த தந்தி அது. தெருவே தலையிலடித்துக்கொண்டு கணக்கர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. கணக்கரின் மனைவி மயங்கி விழுந்து, எழுந்து, பேரன் என்று கேட்டதும் மறுபடி மயங்கினார். அவர் தெளிந்து முதலில் கேட்டது உன்னைத்தான். நீ பின்வாசல் வழியாகக் குப்பத்துக்குப் போய்விட்டாய்.

அடுத்த நாள் வகுப்பில் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் நின்றாய். "நேத்து நான் பண்ணது பாதி சரி. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போவணும், அது சரி. ஆனா எறங்கி நடக்கறது இல்ல, ஏறி போவறது. முருகேசண்ணே, இனிமே எதுக்கும் எறங்காத. மணியும் அடிக்காத."

"நாய் குறுக்க வந்தா?" என்றார் முருகேசன்.

"நாய்க்கு அடி. தந்திக்கு அடிக்காத."

இன்னொரு நாள், கோடையில், கோட்டக்குப்பத்திலிருந்து வந்து பயின்ற ஜைனப்பைப் பலகைப் பக்கம் உட்கார வைத்திருந்தோம். மழை வரும் என்ற எச்சரிக்கைத் தந்தி உப்பு அலுவலகத்துக்கு வந்தது. அங்கே அதிகாரி இல்லை. ஜைனப் அதை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் உன் கண்ணில் பட்டது.

"சத்தியம் பண்ணிக்கிட்டோமேக்கா, எப்டி வெளிய சொல்றது?" என்றாள்.

"அடியே, மழ வருதுங்கறது ரகசியமா? இன்னும் கொஞ்ச நேரத்துல வானமே ஊருக்குச் சொல்லப் போவுது" என்று சொல்லிக்கொண்டே நீ ஓடினாய். வரப்பில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ ஓடியதையும், பாத்திகளில் இருந்த பெண்கள் ஓலைக் கட்டுகளை இழுத்துவந்து உப்புக் குவியல்களை மூடியதையும் நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கடைசிக் குவியலை மூடியபோது முதல் தூறல். உன் அம்மா அந்தப் பெண்களில் ஒருவர். நனைந்து திரும்பி வந்த கையோடு கரும்பலகையில் எழுதிப் போட்டாய்: சேர வேண்டியவங்களுக்கு, மாறாம, நேரத்துக்கு. "மூணும் சேந்ததுதான் ரகசியம். பூட்டறது மட்டும் இல்ல." மெட்ராஸில் ஐந்து நாள் நடத்திய பாடத்தை நீ ஒரு வரியில் அடக்கிவிட்டாய். நான் எழுத்துப்பிழை தேடினேன். 'மாறாம' என்பதைத் திருத்தலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

என் வீட்டிலும் எனக்குத் தினமும் ஒரு பரீட்சை நடந்தது. என் கணவர் உப்பு வியாபாரி ஒருவரிடம் எழுத்தராக இருந்தார் அல்லவா? சாப்பிடும்போது மெதுவாக, "இன்னிக்கு மெட்ராஸ்லருந்து நம்ம எதிர்க் கடைக்கு ஏதாவது..." என்று ஆரம்பிப்பார். "ரசம் ஊத்தட்டுமா?" என்பேன். இருபத்தெட்டு வருடம் அவர் கேட்டார், நான் ரசம் ஊற்றினேன். அதனால் எனக்குப் பெருமை அதிகம். என்னிடமிருந்து யாரும் எதையும் வாங்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

ஐந்தாம் வாரம் ஒரு காலை, பலகையில் நான். வெளியூர் அழைப்புகள் வரும் டிரங்க் லைனில் ஓர் ஆண்குரல். கோட்ட அதிகாரி பேசுவதாகச் சொன்னார். நம் எல்லோருக்கும் மேலதிகாரி அவர். நான் அவரைப் பார்த்ததும் இல்லை, குரலைக் கேட்டதும் இல்லை. ஓர் உப்பு வியாபாரி பில் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறார், இந்த மாதம் அவர் எந்தெந்த மெட்ராஸ் எண்களோடு பேசினார் என்று அழைப்புகளைக் குறித்து வைக்கும் சீட்டுகளைப் பார்த்துப் படியுங்கள் என்றார். எழுத்தில் உத்தரவு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. முந்தின நாள்தான் அந்தப் பிரிவை நான் வகுப்பில் நடத்தியிருந்தேன். ஆனால் அந்த ஆங்கிலம். அவ்வளவு அழகாகப் பேசுகிறவர் வேறு யாராக இருக்க முடியும்? படித்தேன். பாதி படிக்கும்போது லைன் அறுந்துவிட்டது.

மதியம் நீ பலகையில் இருந்தாய். மிச்சத்தைக் கேட்க அவர் மறுபடி கூப்பிட்டார். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டு அருகில்தான் இருந்தேன். எனக்கு உன் பேச்சு மட்டும் கேட்டது.

"வெச்சிடுங்கய்யா. உங்க ஆபீஸ் நம்பருக்கு நானே கூப்பிடறேன்... இல்லீங்க, கோவிச்சிக்காதீங்க... நீங்க யாருன்னு தெரியுமான்னா, அத தெரிஞ்சிக்கத்தானேய்யா கூப்பிடறேங்கறேன்... அவசரம்னா ரெண்டு தடவ கேக்கணுங்க."

இழுத்துவிட்டாய் செருகியை. உடனே கோட்ட அலுவலகத்தை அழைத்தாய். ஐயா வெளியூர்ப் பயணத்தில் இருக்கிறார் என்று பதில் வந்தது. "பாத்தீங்களா சிஸ்டரம்மா, டூப்பு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டேன்.

டூப்பு இல்லை. அதிகாரியேதான், போகும் வழியில் திண்டிவனத்திலிருந்து பேசியிருக்கிறார். நான்கே நாளில் உனக்கு ஓலை வந்தது. மேலதிகாரியின் அழைப்பைத் துண்டித்ததற்கும் மரியாதைக் குறைவாகப் பேசியதற்கும் தற்காலிகப் பணியிலிருந்து உன்னை ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. அடுத்த மாதம் உன்னை நிரந்தரமாக்கும் பட்டியல் போக வேண்டியிருந்தது. உன் அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தி வருடமாகியிருந்தது. தங்கைகள் இருவர் பள்ளியில். உன் அம்மாவின் பாதங்கள் உப்புநீரில் வெடித்து எப்படி இருந்தன என்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வேலை போனால் உனக்கு அதே பாத்திதான்.

"போனா போவுது, தெனம் கால் கழுவற வேல மிச்சம்" என்றாய். ஆனால் செருகியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. பிறகு கேட்டாய். "பதில இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க சிஸ்டரம்மா. உங்க இங்கிலீஷ்ல."

எழுதிக்கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம், ஒரு காற்புள்ளி தவறாத கடிதம். நீ செய்தது விதிப்படியே என்று நான்கு பத்தியில் நிறுவினேன். அன்று காலை அதே குரலுக்கு நான் எண்களைக் கொடுத்தேன் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. நீ கையெழுத்துப் போட்டாய். வரி வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, போட்டாய்.

ஆறாம் வாரக் கடைசியில் அதிகாரியே பயிற்சியைப் பார்வையிட வந்தார். வெள்ளைச் சட்டை, சின்ன மீசை, அதே குரல். ஒன்பது பேரும் சுவரோரம் நின்றார்கள். அவர் மீன் பெட்டிப் பலகையை மோந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். பிறகு என்னைச் சுட்டிக்காட்டி எல்லோரிடமும் பேசினார்.

"இந்த அம்மாவ பாருங்க. அன்னிக்கு காலைல நான் கூப்பிட்டப்ப என்ன மரியாத, என்ன இங்கிலீஷ். கேட்டத உடனே படிச்சாங்க. ஆபரேட்டர்னா இப்படி இருக்கணும். மத்தியானம் அதோ, அந்த அம்மாகிட்ட சொன்னேன், காலைல உங்க சீனியரே பாதி குடுத்துட்டாங்க, மீதிய நீங்க குடுங்கன்னு. மூஞ்சில அடிச்ச மாதிரி வெச்சிட்டாங்க."

நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். அப்படியானால் உனக்கு அன்றே தெரியும். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே தெரியும். நான் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தபோதும், அதில் என்ன இல்லை என்பதை நீ விரல் வைத்துத் தேடியபோதும் தெரியும். அவருக்கும் மேலே எழுதி என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் உன் வேலை தப்பியிருக்கும். நீ அதையும் ஒரு தந்திபோல ஒட்டி வைத்திருந்தாய்.

எனக்கு வாழ்க்கையில் நிறையப் பாராட்டு கிடைத்திருக்கிறது. கன்னம் எரிந்த பாராட்டு அது ஒன்றுதான். எழுந்து நின்றேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, ஒன்பது பேருக்கும் புரிய வேண்டும் என்று தமிழுக்கு மாறினேன்.

"ஐயா, நான் கொடுத்தது குற்றம். உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் ஆங்கிலத்தை நம்பிக் கொடுத்தேன். எவனாவது திருடன் நன்றாக ஆங்கிலம் பேசியிருந்தால் அவனுக்கும் கொடுத்திருப்பேன். இவர் செய்ததுதான் சரி. ஓலை எனக்கு வர வேண்டியது."

 அதிகாரி சங்கடமாகச் சிரித்தார். "அவ்வளவு தூரம் போக வேண்டாம்மா. நெஜ அதிகாரி குரலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாதா? என்னை எவனும் அப்படி ஏமாத்த முடியாது." டீ குடிக்கப் போஸ்ட் மாஸ்டர் அறைக்குப் போய்விட்டார். ஓலை ரத்து என்று அவர் சொல்லவில்லை.

நீ என் அருகில் வந்து காதோடு சொன்னாய். "சிஸ்டரம்மா. உங்க கான்வென்ட்டு இன்னிக்காவது யாருக்காச்சும் ஒதவட்டும்."

எனக்கு விளங்க ஒரு நொடிதான் ஆயிற்று. பக்கவாட்டு அறைக்குப் போய்ப் பலகைமுன் உட்கார்ந்து, போஸ்ட் மாஸ்டர் மேசை எண்ணில் செருகி மணியடித்தேன். மெட்ராஸ் தலைமை அலுவலகத்தில் பெரிய அதிகாரியின் செயலாளர் பேசுவதாக, எங்கள் கான்வென்ட் தலைமையாசிரியையின் ஆங்கிலத்தில், மூக்கால் பேசினேன். கோட்ட அதிகாரி இருக்கிறாரா, பேசச் சொல்லுங்கள் என்றேன். போஸ்ட் மாஸ்டர் அறைக் கதவிடுக்கில் ஒன்பது தலைகளும் உன் தலையும். அவர் எழுந்து நின்றே பேசினார் என்று பிறகு சொன்னீர்கள். இந்த மாதம் முழுவதும் எந்தெந்தத் தேதியில் எந்த ஊர், எங்கே தங்குகிறார், நிரந்தரப் பட்டியலில் யார் யார், வீட்டு எண் என்ன, எல்லாம் கொடுத்தார். பில் புகார் கொடுத்த வியாபாரியின் பெயரையும், நான் கேட்காமலே சேர்த்துக் கொடுத்தார்.

"மிக்க நன்றி, ஐயா. இது மரக்காணம் இணைப்பகம்" என்று சொல்லிவிட்டுச் செருகியை எடுத்தேன்.  வேலை போகும் என்றுதான் நினைத்தேன். உன் வேலையோடு என் வேலையும்.

பலகையில் அந்தத் தகடு விழுந்தது. போஸ்ட் மாஸ்டர் அறையிலிருந்து கைப்பிடியைச் சுற்றுகிறார். அதற்குள் நீ ஓடிவந்து என் காதுக் கருவியைப் பிடுங்கிக்கொண்டாய்.

"எக்ஸ்சேஞ்ச்? இப்ப பேசினது யாரு?"

"வெச்சிடுங்கய்யா" என்றாய். "நாங்களே கூப்பிடறோம்."

சுவருக்கு அந்தப்புறம் முதலில் ஜைனப் சிரித்தாள். அப்புறம் முருகேசன். பிறகு, கொஞ்சம் தாமதமாக, ஓர் ஆண்குரல் சிரித்தது. அழகான ஆங்கிலம் பேசும் அதே குரல், ஆனால் சிரிப்பு நம் ஊர்ச் சிரிப்புதான்.

உன் ஓலையை அவர் எல்லோர் முன்னிலும் கிழித்தார். எனக்கு ஒன்று எழுதினார். ரகசியக் காப்பு விதியை மீறியதற்கும், மேலதிகாரியைப் போலிக் குரலில் அழைத்ததற்கும் சேர்த்து ஒரே எச்சரிக்கை. அதற்கடுத்த தாளில், இனி இந்தக் கோட்டத்துப் பயிற்சிகளில் எல்லாம் திரும்ப அழைத்து உறுதி செய்யும் முறையைக் கற்றுத்தர வேண்டும் என்று உத்தரவு. அடுத்த மாதம் நீ நிரந்தரம். அந்தச் செய்தியை முருகேசன் சைக்கிளைவிட்டு இறங்காமல், மணியும் அடிக்காமல், முகத்தைக் கல்போல வைத்துக்கொண்டு உன்னிடம் கொடுத்தார். நீதான் கத்தினாய்.

அன்று மாலை குழாயடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னாய். "நீ கடுதாசில விட்ட வரிய நான் அன்னிக்கே பாத்துட்டேன் சிஸ்டரம்மா." 'நீங்க' போய் 'நீ' வந்தது அன்றுதான். நான் திருத்தவில்லை.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"சேர வேண்டியவங்க நீ. உனக்குத் தெரியும். வேற யாருக்குச் சொல்றது?"

ஒன்பது பேரும் ஒன்பது ஊர்களுக்குப் போனார்கள். ஜைனப் பொம்மையார்பாளையத்தில் சேர்ந்து, பிறகு அவளே பலருக்குப் பயிற்சி கொடுத்தாள். நீயும் நானும் பத்து வருடம் அந்த மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். கணக்குப் போட்டுப் பார்க்க உனக்குப் பிடிக்காது. எனக்குத் தெரிந்து, இந்தக் கடற்கரையில் கம்பி முனைகளில் நம் ஆட்கள் உட்காராத ஊர் இல்லை. பிறகு தானியங்கிப் பலகை வந்தது, கயிறுகள் போயின, ஆட்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள். என் கணவர் போனார். போன ஆண்டு நீயும் போனாய். உன் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப்பேர் உன்னிடம் ஏதோ ஒரு ரகசியத்தை விட்டு வைத்திருந்தவர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் நிம்மதியாகவே அழுதார்கள்.

சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. அந்த வங்கி அழைப்பு விஷயத்தை ஜைனப்பிடம் சொன்னேன். அவள் பேத்தி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கல்லூரியில் தகவல் பாதுகாப்பு படிக்கிறாள். அதற்கு இப்போது தனிப் பட்டமே இருக்கிறது, நாட்டுக்கு இலட்சக்கணக்கில் ஆள் தேவையாம். இரண்டு நாள் கழித்து வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் வகுப்பில் நிறுத்திவிட்டாள். கருவாட்டு வாசனை இல்லாத, குளிரூட்டிய அறை. அறுபது பிள்ளைகள். நான் உன் சைக்கிள் கதையைச் சொன்னேன். மழைத் தந்தியைச் சொன்னேன். கரும்பலகையில் உன் மூன்றையும் எழுதினேன், 'மாறாம' என்றே. பேராசிரியர் தன் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, தகவல் பாதுகாப்புக்கு இதிலும் அதே மூன்றுதான், பெயர்தான் ஆங்கிலம் என்றார். கடைசியில் என் எச்சரிக்கை ஓலையை எடுத்து முழுவதும் படித்தேன், இரண்டு குற்றங்களையும். எனக்கு இத்தனை வருடத்தில் அதைச் சத்தமாகப் படிக்க வாய்த்தது இதுவே முதல் முறை. நன்றாக இருந்தது.

முன் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "மேடம், ஃபோன வெச்சாங்களே, அவங்க பேரு என்ன மேடம்? பிரசென்டேஷன்ல போடணும்."

வாய்வரை வந்துவிட்டது. என் ஓலையில் உன் பெயர் இல்லை, நான்தான் அதைச் சொல்லக்கூடியவள். ஆனால் உன் பெயர் உன்னுடையது. உன்னைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? அந்தப் பெண் அதுவரை நல்ல ஆங்கிலத்தில் வேறு பேசிக்கொண்டிருந்தாள்.

"அவங்களக் கேட்டுட்டு நானே கூப்பிட்டுச் சொல்றேம்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும், என்னைப்போலப் பிடிவாதக்காரி, தன் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அது இப்போது எச்சரிக்கை ஓலையோடு சேர்ந்து பெட்டியில் இருக்கிறது.

உன் பெயரைப் பற்றிக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். சொல்லட்டுமா?